பாறையில் தவித்த பிரயாணிகள்

மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கேரளத்திலிருந்து பெண்கள் இருமுடி கட்டிக்கொண்டு வருவார்கள். பகவதி அம்மனைத் தரிசித்து, கடலில் கால் நனைத்தபின் அவர்களில் பலருக்கு அடுத்த ஊர் கன்னியாகுமரிதான். அங்கே போய்விட்டு விவேகானந்தர் பாறைக்குப் போகாமல் திரும்ப யாருக்குத்தான் மனம் வரும்?

கரையிலிருந்து பாறை சுமார் அரைக் கிலோமீட்டர். பூம்புகார் கப்பல் கழகப் படகில் ஏறினால் சில நிமிடங்களில் போய்விடலாம். ஆனால், படகு வராவிட்டால்?

அந்த அரைக் கிலோமீட்டரின் நீளத்தை 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி அங்கே இருந்தவர்கள் அறிவார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. பவுர்ணமியும்கூட. கிறிஸ்துமஸ் விடுமுறை, ஆதலால் உல்லாசப் பிரயாணிகள் கூட்டம் கூட்டமாக வந்திருந்தார்கள். காலை 6.29 மணிக்கு சுமத்ரா அருகே கடலடியில் பூமி நடுங்கியது இவர்களுக்கு எப்படித் தெரியும்? எச்சரிக்கை சொல்ல அப்போது நம் நாட்டில் சுனாமி நிலையமே கிடையாது. ஐதராபாத்தில் அது வந்தது 2007-ல்தான்.

முதலில் கடல் உள்வாங்கியது. நீருக்குள் மறைந்திருந்த பாறைகள் வெளியே தெரிந்தன. வேடிக்கைதானே என்று நின்றவர்கள் உண்டு. பிறகு அது திரும்பி வந்தது! பக்கத்துப் பாறையில் நிற்கும் 133 அடி உயர வள்ளுவர் சிலையின் பீடத்தில் அலை மோதியது. விவேகானந்தர் பாறையில் நின்ற நூற்றுக்கணக்கானோருக்குப் போக வழியில்லை. சுற்றிலும் கொந்தளிக்கும் கடல். எதிரே கண்ணுக்கெட்டும் தூரத்தில் கரை. அங்கே போய்விட்டால் பிழைத்தோம் என்றுதானே எவருக்கும் தோன்றும்?

கரையில் நடந்ததோ வேறு. மண்டைக்காட்டுக்குப் பக்கத்திலுள்ள கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் கடல் ஊருக்குள் புகுந்தது. ஓடியவர்களை ஏ.வி.எம். கால்வாய் மறித்தது. திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் படகுப் போக்குவரத்துக்காக வெட்டிய கால்வாய் அது. முன்னே கால்வாய், பின்னே அலை. பலர் அதிலேயே மாண்டார்கள். குமரி மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 800 பேர் மடிந்தனர். நடுக்கடலில் அகப்பட்டுக்கொண்டோமே என்று கலங்கியவர்களைத் தாங்கி நின்றது அந்தப் பாறை!

அவர்களை மீட்கப் படகுடன் போனவர்களில் மீனவர்களும் உண்டு. குமரிக் கரையில் அன்று மாண்டவர்களில் பெரும்பாலோர் மீனவக் குடும்பத்தினர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

2024 டிசம்பரில் இரு பாறைகளையும் இணைத்து 77 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். கரைக்குப் பாலம் கிடையாது, இன்றும் படகுதான். நீர்மட்டம் தாழ்ந்தாலும், அலை சீறினாலும் படகை நிறுத்தி விடுவார்கள். அப்போது டிக்கெட் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். "அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறோமே!" என்பார்கள். படகுக்காரர்கள் கடலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள்.