மிருகக்காட்சிசாலையில் ஒரு மரக் கோபுரம்



கோபுரம் என்றவுடன் கல்லும் இரும்பும் சிமெண்டுமே நம் நினைவுக்கு வரும். ஆனால், பின்லாந்து நாட்டின் தலைநகராகிய ஹெல்சிங்கியில் மெல்லிய மரச்சட்டங்களைக் கொண்டே ஒரு காட்சிக் கோபுரம் எழுப்பப்பட்டது. அதனை எழுப்பியவர்களும் மாணவர்களே என்பதை அறிந்தால் நீங்கள் வியப்படைவீர்கள்.

அந்நகரின் கரையை அடுத்துள்ள கொர்க்கியசாரி என்னும் தீவில் 1889ஆம் ஆண்டில் ஒரு மிருகக்காட்சிசாலை தோன்றியது. 'உயர்ந்த தீவு' என்பதே அப்பெயரின் பொருளாகும். அங்குள்ள பாறை மேட்டின்மீது கோபுரம் அமைப்பதற்காகக் கட்டடக் கலை மாணவர்களுக்கிடையே ஒரு போட்டி நடைபெற்றது. வில்லே ஹாரா என்னும் மாணவரின் வரைபடம் அதில் வெற்றி பெற்றது. 2002ஆம் ஆண்டில் அவரும் உடன் பயின்ற மாணவர்களும் அதனைக் கட்டி முடித்தனர்.

வளைந்த உருவம் கொண்ட அக்கோபுரத்திற்குக் 'குப்லா' என்று பெயர் சூட்டினர். குப்லா என்றால் 'குமிழி' என்பது பொருள். அதன் உயரம் 10 மீட்டர். 72 நீண்ட மரச்சட்டங்களை வளைத்தும் முறுக்கியும், ஒன்றன் குறுக்கே ஒன்றாக வைத்து, 600க்கும் மேற்பட்ட திருகாணிகளால் பிணைத்தனர். ஒவ்வொரு சட்டத்தின் அகலமும் கனமும் 60 மில்லிமீட்டர் மட்டுமே. மேலேறி நின்றால் நகரையும் கடலையும் கண்ணாரக் காணலாம்.

இத்துணை மெல்லிய சட்டங்கள் மனிதரின் பாரத்தை எவ்வாறு தாங்குகின்றன? நம் வீட்டு மூங்கில் கூடையை எண்ணிப் பாருங்கள். தனி மூங்கிற்பட்டையை இரு விரல்களால் வளைத்துவிடலாம். கூடையாகப் பின்னியபின் அதே பட்டைகள் பெருஞ்சுமையைத் தாங்குகின்றன. சட்டங்கள் சந்திக்கும் இடந்தோறும் ஒன்று மற்றொன்றை அசையவொட்டாமல் பிடித்துக்கொள்கிறது. வளைந்த உருவம் பாரத்தைப் பல சட்டங்களுக்கும் பகிர்ந்தளித்துத் தரையில் சேர்க்கிறது. இடைவெளிகளின் வழியே காற்று புகுந்து செல்வதால் அதன் தாக்குதலும் குறைகிறது.

மாணவர்களே! படிக்கும் பருவத்தில் ஒருவர் தாளில் வரைந்த கோடுகளே பின்னர்க் கோபுரமாயின. 'நாம் தோட்டத்துப் பிள்ளைகள். நம்மால் என்ன இயலும்?' என்று ஒருபோதும் சோர்வடையாதீர்கள். கணிதத்தையும் அறிவியலையும் கைத்தொழிலையும் கருத்தூன்றிக் கற்றிடுங்கள். இன்று உங்கள் வரைதாளில் விழும் கோடுகளும் நாளை ஊரார் ஏறி நின்று உலகைக் காணும் கோபுரமாக உயரக்கூடும்.

தலைமையாசிரியர்