கோடையில் இருவருக்கான இரவுணவு: ஒரு வாரத் திட்டம்

நால்வரும் ஐவரும் கூடியிருந்து உண்ட இல்லங்கள் பல, இன்று இருவர் மட்டுமே வாழும் இல்லங்களாகிவிட்டன. மகன் வெளிநாட்டில், மகள் தன் புகுந்த வீட்டில். பெரிய பாத்திரங்கள் பரண்மேல் ஏறிவிட்டன. தாயும் தந்தையும் ஒருவருக்கு ஒருவர் துணையாக மிஞ்சி நிற்கின்றனர். இத்தகைய குடும்பங்கள் இல்லாத பங்கு இன்று ஏதேனும் உண்டோ?

இவ்வில்லங்களில் முதலில் குறைவது இரவுணவு. "இரண்டு பேருக்காக அடுப்பு மூட்டுவதா?" என்று இல்லத்தரசி எண்ணுகிறார். "எனக்குப் பசியில்லை, நீ சாப்பிடு" என்கிறார் கணவர். "நீங்கள் சாப்பிடவில்லையென்றால் எனக்கு மட்டும் எதற்கு?" என்று மனைவியும் கையைக் கழுவிவிடுகிறார். இரண்டு ரொட்டித் துண்டும் ஒரு குவளைத் தேநீருமாக இரவு கழிகிறது. சித்திரை, வைகாசி மாதங்களின் வெப்பமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டியதில்லை.

இது சிறிய செய்தியன்று. முதுமையில் தசை இயல்பாகவே தேய்கிறது. உணவில் புரதம் குறையுமானால் அத்தேய்வு விரைவுபெறும். கால் தளர்ந்தவர் குளியலறையில் இடறி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். நீரிழிவுக்கு மாத்திரை உண்போரும் இன்சுலின் ஏற்றிக்கொள்வோரும், மருந்தை எடுத்துக்கொண்டு உணவை விட்டுவிடுவார்களானால், இரவில் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து உயிருக்கே இடர் நேரக்கூடும். எனவே, இருவர் வாழும் இல்லத்தில் இரவுணவு என்பது உடல்நலத்தின் காவல் எனலாம். புதிதாக மணம் முடித்துத் தனிக்குடித்தனம் தொடங்கியோருக்கும் கீழ்வரும் திட்டம் பயன்படும். அளவை மட்டும் சற்றுக் கூட்டிக்கொள்க.

அளவறிதல்

ஐவருக்குச் சமைத்துப் பழகிய கை இருவருக்குச் சமைக்கத் தடுமாறும். பழைய கைப்பழக்கத்தில் அரிசியை அள்ளிப் போட்டுவிட்டு, மிஞ்சியதை மூன்று நாள் உண்பதே பல இல்லங்களின் நிலை. ஆதலின் ஒரு வாரத்திற்கேனும் அளந்து சமைத்தல் நன்று. முதியோர் இருவரின் ஓர் இரவுச் சோற்றுக்கு 150 கிராம் அரிசி போதும். பருப்பு 50 முதல் 60 கிராம். காய்கறி 300 கிராம். எண்ணெய் நான்கு தேக்கரண்டிக்கு மேற்படாமல் இருத்தல் வேண்டும்.

நம் தட்டில் சோறு மிகுதி, காய் குறைவு என்பது நாம் அறிந்ததே. நாள்தோறும் ஒருவர் 400 கிராம் காய்கனிகளேனும் உண்ண வேண்டும் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் அறிவுரை. உப்போ நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்கிறது அவ்வமைப்பு. ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. அதுவும் மூன்று வேளைக்கும் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இக்கணக்கில் அடங்கும் என்பதை மறத்தலாகாது.

கோடையின் இடர்

கோடையில் சமைத்த உணவு விரைவில் கெடும். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் நோய்க்கிருமிகள் பெருகும். சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைத்தலாகாது. வெப்பம் 32 பாகையைத் தாண்டும் நாட்களில் ஒரு மணி நேரமே எல்லை. மதியம் வடித்த சோற்றை மேசைமேல் மூடி வைத்து இரவில் உண்பது, அக்கினி நட்சத்திர நாட்களில் வயிற்றுப்போக்கை விலைக்கு வாங்குவதாகும். "சூடாக்கிவிட்டால் சரியாகிவிடும்" என்பார் உளர். சோற்றில் வளரும் சிலவகைக் கிருமிகள் வெளியிடும் நஞ்சு, மறுபடி சூடேற்றினாலும் அழிவதில்லை. நீரூற்றிய பழையதும் காலையிலேயே உண்ணத்தக்கது. மாலைவரை வைத்திருக்கத் தக்கதன்று.

எனவே, மிஞ்சுவதை ஆறிய உடனே சிறு பாத்திரத்தில் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுமுறை ஆவி பறக்கும்படி சூடேற்றி, ஒரே முறையில் உண்டு முடிக்க வேண்டும். மின்சாரம் நெடுநேரம் நின்றுபோன நாளில் பெட்டியில் இருந்ததை நம்பற்க. பெட்டி இல்லாத இல்லத்தில் அளவாகச் சமைத்தலே ஒரே வழி.

அடுப்படி வெப்பத்திற்கும் வழி உண்டு. பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்தால் விரைவில் வேகும், எரிவாயுவும் மிச்சமாகும். குக்கரில் அடுக்குப் பாத்திரம் வைத்தால் சோறும் பருப்பும் ஒரே தீயில் முடிந்துவிடும். காய் நறுக்குதல், சட்னி அரைத்தல் முதலியவற்றை விடியற்காலைக் குளிர்ச்சியிலேயே செய்துவிடலாம். மே மாதம் நமக்கு வணக்கமாதம். மாலையில் கோயிலுக்கோ செபமாலைக்கோ போகுமுன் ஊறவேண்டியவற்றை ஊறவைத்துவிட்டு, திரும்பியதும் அடுப்பு மூட்டினால் நாற்பது நிமிடத்தில் உணவு ஆயத்தமாகும். எட்டு மணிக்குள் உண்டு முடித்தால் உறக்கமும் நன்றாக வரும்.

சந்தைக்குப் போகுமுன்

சனிக்கிழமை காலையில் வாரத்திற்கான பட்டியலைக் கையோடு எடுத்துச் செல்க. ஏறத்தாழ 600 கிராம் எடையுள்ள இளஞ் சுரைக்காய் ஒன்று, கேரட், பீன்ஸ் வகைக்கு கால் கிலோ, தக்காளி அரைக் கிலோ, சின்ன வெங்காயம் அரைக் கிலோ, வெள்ளரிப் பிஞ்சு, எலுமிச்சை, தேங்காய் ஒன்று, முட்டை நான்கு, பச்சை மாங்காய் ஒன்று. இவையே போதும். தேங்காயை உடைத்ததும் ஒரு மூடியை முதலில் பயன்படுத்தி, மறு மூடியைத் துருவிப் பனியறையில் வைத்துக்கொண்டால் வாரம் முழுதும் வரும். இருவர் இல்லத்தில் பணம் வீணாவது பெரும்பாலும் வாடிப்போன காய்கறியில்தான்.

ஏழு இரவுகள்

திங்கள்: இட்டிலியும் சுரைக்காய்ச் சாம்பாரும். ஞாயிற்றுக்கிழமை பகலில் 200 கிராம் இட்டிலி அரிசியும் 50 கிராம் உளுந்தும் ஊறவைத்து இரவில் அரைக்க. கோடையில் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். விடியற்காலையிலேயே குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். தவறினால் புளித்துப் போகும். ஆளுக்கு மூன்றாக ஆறு இட்டிலி போக, மீதி மாவு புதன்கிழமைக்கு ஆகும். சுரைக்காயில் பாதியைச் சாம்பாரில் சேர்க்க.

செவ்வாய்: சோறு, சுரைக்காய்ப் பாசிப்பருப்புக் கூட்டு, மோர். மறுபாதிச் சுரைக்காயைப் பருப்புடன் குழைய வேகவைத்துச் சிறிது தேங்காயும் சீரகமும் அரைத்துவிடுக. பாசிப்பருப்பில் 100 கிராமுக்குச் சுமார் 24 கிராம் புரதம் உண்டு, எளிதில் செரிக்கும். பல்லில்லாதோருக்கும் ஏற்றது. இரவில் கீரையும் தயிரும் வேண்டாம் என்பது நம் முன்னோர் வழக்கு. அதனைப் போற்றுவோர் கீரையைப் பகலுக்கு வைத்துக்கொண்டு, இரவில் நீர்மோர் அருந்துக.

புதன்: தோசையும் தக்காளிச் சட்னியும். இரண்டு நாள் ஆன மாவின் இளம்புளிப்பு தோசைக்குச் சுவை கூட்டும். வெறும் தோசையாக வார்க்காமல் துருவிய கேரட்டும் நறுக்கிய வெங்காயமும் தூவி ஊத்தப்பமாக வார்த்தால் காயும் உள்ளே போகும். சட்னியில் ஒரு பிடி பொட்டுக்கடலை சேர்த்தால் புரதமும் கிட்டும்.

வியாழன்: கோதுமை ரவைக் கிச்சடியும் அவித்த முட்டையும். 120 கிராம் சம்பா ரவையை வறுத்து, கேரட், பீன்ஸ், தக்காளியுடன் மும்மடங்கு நீர்விட்டு வேகவிடுக. ஆளுக்கொரு முட்டை. சமையல் தெரியாத கணவரும் இந்த ஓர் உணவைக் கற்றுக்கொள்ளலாம். ஏன் கற்க வேண்டும் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

வெள்ளி: பயற்றங்கஞ்சியும் துவையலும். வெள்ளிக்கிழமையில் புலால் விலக்குவது நம் இல்லங்களின் நெடுநாள் வழக்கம். 100 கிராம் அரிசி நொய், 60 கிராம் வறுத்த பச்சைப்பயறு, பத்துப் பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி வெந்தயம் இவற்றைக் குழைய வேகவைத்து, துருவி வைத்த தேங்காயில் ஒரு பிடி சேர்த்தால் கஞ்சி ஆயத்தம். கொத்தமல்லித் துவையலும் சுட்ட அப்பளம் ஒன்றும் போதும். எளிய உணவாயினும் சத்தில் குறைவற்றது, நாவறட்சியையும் தணிக்கும். இவ்வுணவால் மிச்சமாகும் தொகையை ஏழைகளுக்கென ஓர் உண்டியலில் இட்டுவைக்கும் குடும்பங்கள் வாழ்க!

சனி: சோறும் மாங்காய் இட்ட மீன் குழம்பும். தமிழகத்தின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. மீன்கள் இனம் பெருக்கும் காலத்தைக் காப்பதற்கே இத்தடை. அந்நாட்களில் வஞ்சிரம் போன்ற பெருமீன்களைத் தேடி விலை மிகக் கொடுக்க வேண்டியதில்லை. நாட்டுப்படகுகளில் வரும் சாளையும் நெத்திலியும் விலை மலிவு, சத்து மிகுதி. சாளையில் இதயத்திற்கு நலம் தரும் கொழுப்பு உண்டு. நெத்திலியை முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிட்டும். இருவருக்குக் கால் கிலோ போதும். காலையிலேயே வாங்கிக் கழுவி, குளிர்பெட்டியில் வைத்து மாலையில் சமைக்க. கோடை மாங்காய் இருக்கப் புளி எதற்கு? உள்நாட்டில் வாழ்வோர் மீனுக்குப் பதில் முட்டைக் குழம்பு வைக்கலாம்.

ஞாயிறு: இடியாப்பம். திருப்பலி முடிந்து, பகலில் உறவினரோடு இறைச்சி உண்ட நாள் ஆதலின் இரவு எளிதாக அமைதல் நன்று. 150 கிராம் வறுத்த அரிசிமாவைக் கொதிநீரில் பிசைந்து பிழிந்தால் இருவருக்கு ஆகும். பகற் குழம்பை உடனே குளிரவைத்திருந்தால் அதனைக் கொதிக்கவைத்துத் தொட்டுக்கொள்ளலாம். இல்லையேல் தேங்காய்ப்பால் போதும்.

ஒரே உலை, இரு தேவை

ஒருவருக்கு நீரிழிவு, மற்றவருக்கு இரத்த அழுத்தம் என்றால் இரண்டு சமையல் வேண்டுமோ என்று கலங்க வேண்டியதில்லை. சமையல் ஒன்றே, பரிமாறுவதில்தான் வேறுபாடு. நீரிழிவு உள்ளவருக்குச் சோற்றைக் குறைத்துக் கூட்டைக் கூட்டுக. அழுத்தம் உள்ளவரின் பொருட்டு உப்பைக் குறைத்துச் சமைத்து, எலுமிச்சைச் சாற்றால் சுவை கூட்டுக. அது மற்றவருக்கும் நன்மையே. முதுமையில் தாக உணர்வு குறைந்துவிடும். தாகம் எடுக்கும் என்று காத்திராமல் மாலையிலேயே நீர், மோர், நுங்கு எனப் பருகி வருக. இதய நோய், சிறுநீரக நோய் காரணமாக நீரின் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்டோர் மருத்துவர் சொல்லே கேட்க.

கணவருக்கு ஒரு சொல்

நாற்பது ஆண்டுகள் ஒருவரே சமைத்தார். அவருக்கும் இப்போது முழங்கால் வலி உண்டு. காய் நறுக்குதல், தேங்காய் துருவுதல், பாத்திரம் துலக்குதல் இவற்றுள் ஒன்றையேனும் கணவர் மேற்கொள்ளலாகாதோ? வாரத்தில் ஓர் இரவு அவரே அடுப்படியில் நிற்கட்டும். இதில் இரக்கத்தினும் மேலான ஒரு காரணம் உண்டு. இருவரில் ஒருவர் தனித்து நிற்கும் நாள் என்றோ ஒருநாள் வரும். மனைவியை இழந்தபின் ஒரு கஞ்சி காய்ச்சவும் அறியாமல், உணவகப் பொட்டலத்தையும் பிறர் கையையும் எதிர்பார்த்து வாழும் முதியவர்களை நம் பங்குகளிலேயே காண்கிறோம். அருகில் நின்று கற்றுத்தர அவர் இருக்கும்போதே கற்றுக்கொள்வது அறிவுடைமை.

அவ்வாறு தனித்துவிட்டவர் நம் தெருவில் எவரேனும் இருப்பார். இருவருக்குச் சமைக்கும் உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாக இடுவது பாரமன்று. ஞாயிறு இரவு அவரை அழைத்து மூன்றாவது தட்டு ஒன்றை வையுங்கள். பேச்சுத் துணையின்றி உண்பவர்க்குச் சோற்றைவிட அவ்வழைப்பே பெரிதாக இருக்கக்கூடும்.

இத்திட்டத்தை அப்படியே பின்பற்ற வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர்ச் சந்தைக்கும் உங்கள் உடல்நிலைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆயின், இவ்வாரம் ஏழு இரவும் இருவரும் ஒருங்கே அமர்ந்து சூடாக உண்பது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டியலை இன்றிரவே இருவருமாக அமர்ந்து எழுதலாம்.