செல்லாத ஓட்டு செல்லுமா?

18 முடிஞ்சாச்சு. ஃபார்ம் 6 கொடுத்தாச்சு. ஓட்டர் ஐ.டி.யும் வந்தாச்சு. அதுல இருக்கிற போட்டோ உங்களோடதுதானான்னு வீட்ல ஒரு பட்டிமன்றமும் நடந்து முடிஞ்சிருக்கும்! அடுத்து தேர்தல் வரும். வந்ததும் ஹாஸ்டல் மொட்டை மாடியிலயோ டீக்கடை பெஞ்சிலயோ ஒரு குரல் கட்டாயம் கேட்கும்.

"எவனுமே சரியில்ல மச்சான். நான் நேரா போய் செல்லாத ஓட்டு போட்டுட்டு வரப்போறேன். அதான் என்னோட எதிர்ப்பு!"

கேட்க கெத்தாத்தான் இருக்கு. இப்படிச் சொல்ற நண்பரை உடனே கிண்டல் பண்ணிடாதீங்க. லீவு கிடைச்சதுன்னு இழுத்துப் போர்த்தித் தூங்குறவரைவிட அவர் எவ்வளவோ மேல். வெயில்ல க்யூவில் நிக்கிறார், விரல்ல மை வாங்குறார். அவர் பேர்ல இன்னொருத்தர் கள்ள ஓட்டு போட முடியாது. அவர் கோபமும் பொய் இல்லை. ஆனா அந்தக் கோபம் யார் காதுக்காவது போய்ச் சேருதா? நம்ம கேள்வி அதுதான்.

எழுதினா யார் படிப்பாங்க?

'செல்லாத ஓட்டெல்லாம் அந்தக் காலம், இப்பதான் மெஷின் வந்தாச்சே'ன்னு நினைக்காதீங்க. தபால் ஓட்டு இன்னிக்கும் காகிதம்தான். தமிழ்நாட்டுல 2019, 2021-ல் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தல்களும் வாக்குச்சீட்டுலதான் நடந்துச்சு. வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர்னு ஒருத்தருக்கு நாலு ஓட்டு. அதனால கிராமத்துப் பசங்களுக்கு இது நிஜமான கேள்வி.

எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தல்களுக்கான 1961-ம் வருஷ விதிகள்ல, எந்த வாக்குச்சீட்டைத் தள்ளுபடி பண்ணணும்னு ஒரு பட்டியலே இருக்கு. முத்திரையே குத்தாம இருந்தா தள்ளுபடி. ரெண்டு பேருக்குக் குத்தியிருந்தா தள்ளுபடி. யாருக்குன்னு சந்தேகமா இருந்தா தள்ளுபடி. போட்டவர் யாருன்னு அடையாளம் தெரியற மாதிரி ஏதாவது எழுதியிருந்தாலும் தள்ளுபடி.

இப்போ ஒரு சின்ன சீன் யோசிங்க. ஓட்டு எண்ற மேஜை. நீங்க ஊழலை எதிர்த்து மனசு கொதிச்சு ரெண்டு சின்னத்துல குத்தியிருக்கீங்க. பக்கத்துத் தெரு பாட்டி, கண்ணு சரியாத் தெரியாம ரெண்டு சின்னத்துல குத்தியிருக்காங்க. ரெண்டு சீட்டும் ஒரே கட்டுக்குத்தான் போகும். அந்தக் கட்டுக்குப் பேர் 'செல்லாதவை'. உங்க புரட்சிக்கும் பாட்டியோட கண்புரைக்கும் அங்கே வித்தியாசமே கிடையாது!

ஒரு எதிர்ப்புக்கு முதல் தகுதி, அது எதிர்ப்புன்னு எதிராளிக்குத் தெரியணும். செல்லாத ஓட்டு முதல் ரவுண்டுலயே அவுட் ஆகிறது இங்கதான்.

கையெழுத்து போட்டு எதிர்ப்பு

2001 சட்டமன்றத் தேர்தல்ல தமிழ்நாடு முழுக்க மின்னணு இயந்திரம் வந்துச்சு. பட்டனை அமுக்கினா அமுக்கினதுதான். ஓட்டைக் கெடுக்கவே வழியில்லை. அப்பதான் '49-ஓ' பிரபலமாச்சு. அதே 1961 விதிகள்ல ஒரு ஓரமா கிடந்த பிரிவு இது. வாக்குச்சாவடிக்குப் போய், பதிவேட்டுல கையெழுத்து போட்டுட்டு, "நான் யாருக்கும் ஓட்டு போடல"ன்னு சொல்லலாம். தேர்தல் அலுவலர் அதைக் குறிச்சுக்கிட்டு மறுபடியும் உங்க கையெழுத்தை வாங்குவார். எழுத்தாளர் ஞாநி தன்னோட பத்திரிகைப் பத்திகள்ல இதைப்பத்தி விடாம எழுதினார். பின்னாடி 2015-ல் கவுண்டமணி நடிச்ச படத்துக்கே '49-ஓ'ன்னு பேர் வெச்சாங்க.

இதுல ஒரு நல்லது: உங்க எதிர்ப்பு தவறுதலா நடந்ததில்லைன்னு பதிவாகும். ஒரு கெட்டது: பூத் ஏஜென்ட்டுகள் உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருப்பாங்க. 'இந்தப் பையன் நமக்குப் போடல'ன்னு சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும். சின்ன ஊர்ல அது சாதாரண விஷயமா?

2004-ல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடர்ந்த வழக்குல கேட்டது இதைத்தான். 'ஓட்டு போடுறது ரகசியம்னா, போடாம இருக்கிறதும் ரகசியமா இருக்கணும்.' 2013 செப்டம்பர் 27-ல் தலைமை நீதிபதி பி.சதாசிவம் தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு இதை ஏத்துக்கிட்டது. நோட்டா பட்டன் பிறந்தது. அதே வருஷம் டிசம்பர்ல ஏற்காடு இடைத்தேர்தல் மூலமா தமிழ்நாட்டுக்கும் வந்துச்சு.

எண்ணுவாங்க... ஆனா?

செல்லாத ஓட்டைவிட நோட்டா ஒரு படி மேல. தனியா எண்ணுவாங்க, தனியா அறிவிப்பாங்க. பாட்டியோட கட்டுல கலக்க மாட்டாங்க. ஆனா அதோட பலம் எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிட்டு பட்டனை அமுக்குங்க.

எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தல்ல 100 பேர் ஓட்டு போட்டு 60 பேர் நோட்டாவை அமுக்கினாலும், மிச்ச 40-ல் யாருக்கு அதிகமோ அவர்தான் ஜெயிச்சவர். மறுதேர்தல் கிடையாது. டெபாசிட் கணக்குலயும் நோட்டா வராது. செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்குக்கு மேல வாங்கினா டெபாசிட் தப்பிக்கும். ஒரு தொகுதியில 1 லட்சம் ஓட்டு விழுந்து அத்தனையும் வேட்பாளர்களுக்கே போனா, 16,667 ஓட்டு வேணும். அதுல 10 ஆயிரம் பேர் நோட்டா பக்கம் போயிட்டா 15,001 போதும். உங்களுக்குப் பிடிக்காத வேட்பாளருக்கு நீங்களே சலுகை விலை கொடுத்த மாதிரி!

இன்னொண்ணையும் யோசிங்க. கவர் வாங்கினவர் செல்லாத ஓட்டு போட மாட்டார். தலைவருக்காகத் தீக்குளிக்கத் தயாரா இருக்கிறவரும் போட மாட்டார். யோசிக்கிறவங்க, ஏமாந்தவங்க, மனசு வெறுத்தவங்கதான் போடுவாங்க. யோசிக்கிறவங்க எல்லாம் ஒதுங்கிட்டா, மிச்சம் இருக்கிறவங்க ஓட்டுக்கு மதிப்பு கூடிடும். இதுல லாபம் யாருக்கு?

2019 ஆகஸ்ட்ல வேலூர் மக்களவைத் தேர்தல்ல ஜெயிச்சவருக்கும் தோத்தவருக்கும் வித்தியாசம் 8,141 ஓட்டு. நோட்டாவுக்கு விழுந்தது 9 ஆயிரத்துக்கும் மேல! முடிவையே மாத்தக்கூடிய கூட்டம் அது. மாத்தாமலே வீட்டுக்குப் போச்சு.

2016-ல் ராதாபுரத்துல ஜெயிப்பு வித்தியாசம் வெறும் 49. அங்கே 203 தபால் ஓட்டுகளை 'செல்லாது'ன்னு ஒதுக்கினதை எதிர்த்து, தோத்த வேட்பாளர் வருஷக்கணக்கா கோர்ட்டுல போராடினார். ஒரு பக்கம் 'என் ஓட்டு செல்லாமப் போகட்டும்'னு வசனம் பேசுறோம். இன்னொரு பக்கம் அதே செல்லாத ஓட்டுக்காக உச்சநீதிமன்றம் வரைக்கும் சண்டை நடக்குது.

நோட்டா வந்தா கட்சிகள் பயந்துபோய் நல்லவங்களை நிறுத்தும்னு 2013 தீர்ப்பு எதிர்பார்த்துச்சு. நடந்துச்சா? ஏ.டி.ஆர். அமைப்பு வேட்பாளர்களோட பிரமாணப் பத்திரங்களை வெச்சே கணக்கு எடுக்குது. தங்கள் மேல கிரிமினல் வழக்கு இருக்குன்னு அறிவிச்ச எம்.பி.க்கள் 2009-ல் 30 சதவீதம். 2014-ல் 34. 2019-ல் 43. 2024-ல் 46. வழக்கு இருக்கிறதாலயே குற்றவாளின்னு அர்த்தமில்லைதான். ஆனா யாரும் நோட்டாவைப் பார்த்துப் பயந்த மாதிரி தெரியலையே!

காரணம் தெரிஞ்சா கதையே வேற

2014-ல் நீலகிரித் தொகுதியில நோட்டாவுக்கு 46,559 ஓட்டு. மூணாவது இடம்! ஆனா எதுக்காக? பா.ஜ.க. வேட்பாளரோட மனு அங்கே தள்ளுபடி ஆகியிருந்துச்சு. அந்தக் கட்சிக்காரங்க கோபமா, ஊழல் எதிர்ப்பா, வேற உள்ளூர்ப் பிரச்சினையா? ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. அந்த எண்ணிக்கைக்குத்தான் வாய் இல்லை.

2024-ல் இந்தூர் போங்க. காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்துல மனுவை வாபஸ் வாங்கிட்டு பா.ஜ.க.வுல சேர்ந்துட்டார். காங்கிரஸ் நேராவே, "நோட்டாவை அமுக்குங்க"ன்னு கேட்டுச்சு. 2,18,674 பேர் அமுக்கினாங்க. பா.ஜ.க. வேட்பாளர் 11 லட்சத்துக்கும் மேல வித்தியாசத்துல ஜெயிச்சார், அது வேற விஷயம். ஆனா அந்த 2 லட்சம் எதுக்குன்னு நாட்டுக்கே தெரிஞ்சுது. காரணத்தை முன்னாடியே சொல்லிட்டாங்களே!

காரணத்தோட சட்டமும் சேர்ந்தா? தென் அமெரிக்காவுல கொலம்பியாவைப் பாருங்க. அங்கே வெற்று ஓட்டு பாதிக்கு மேல போனா தேர்தலையே மறுபடி நடத்தணும். பழைய வேட்பாளர்கள் திரும்ப நிக்க முடியாது. 2011-ல் பெல்லோ நகர மேயர் தேர்தல்ல நின்னது ஒரே ஒருத்தர்தான். மக்கள் வெற்று ஓட்டுக்காகவே பிரசாரம் பண்ணி அவரைத் தோற்கடிச்சாங்க!

நம்ம நாட்டுலயும் ஒரு சின்ன ஆரம்பம் உண்டு. 2018-ல் மகாராஷ்டிரா, ஹரியானா மாநிலத் தேர்தல் ஆணையங்கள், உள்ளாட்சித் தேர்தல்ல நோட்டா முதலிடம் வந்தா மறுதேர்தல்னு உத்தரவு போட்டுச்சு. எம்.பி., எம்.எல்.ஏ. தேர்தலுக்கு அது இன்னும் வரலை.

அர்ஜென்டினாவுல 2001 அக்டோபர்ல நடந்தது இன்னும் கலாட்டா. பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம். ஓட்டுக் கவருக்குள்ள 'கிளெமென்டே'ங்கிற கார்ட்டூன் பாத்திரத்தோட படத்தை வெச்சுப் போட்டாங்க. ஏன்னா கிளெமென்டேவுக்குக் கையே கிடையாது, அதனால திருட முடியாதாம்! வெற்று ஓட்டும் செல்லாத ஓட்டும் சேர்ந்து 20 சதவீதத்தைத் தாண்டுச்சு. டிசம்பர்ல ஜனாதிபதி ராஜினாமா. ஆனா அவரை வீட்டுக்கு அனுப்பினது தெருவுக்கு வந்த கூட்டம். ஓட்டு அதுக்கு முன்னாடி அடிச்ச அலாரம், அவ்வளவுதான்.

அப்போ என்னதான் பண்றது?

ஒண்ணு: தனியா ஓட்டைக் கெடுக்காதீங்க. யாருக்கும் புரியாத கோபம், கோபமே இல்லை. நிஜமாவே ஒருத்தரும் தேறலைன்னா நோட்டா இருக்கு. அமுக்குறதுக்கு முன்னாடி பட்டியலை முழுசாப் படிச்சீங்களா? அஞ்சாவது, பத்தாவது பேர்ல இருக்கிறவர் யாருன்னு தெரியுமா? வேட்பாளர்களோட சொத்து, வழக்கு விவரம் எல்லாம் தேர்தல் ஆணையத்தோட இணையதளத்துலயே இருக்கு. ரெண்டு பேரைத்தான் படிச்சேன்னா, அது 'யாருமே சரியில்லை' ஆகாது.

ரெண்டு: நோட்டாதான்னு முடிவு பண்ணினா கும்பலாப் பண்ணுங்க, காரணத்தை முன்னாடியே உரக்கச் சொல்லுங்க. 'எங்க ஊருக்குப் பஸ் இல்லை, அதனால எங்க தெருவோட ஓட்டு நோட்டாவுக்கு'ன்னு வேட்பாளர்கிட்டயே சொல்லுங்க. அடுத்த நாள் ஆள் தேடி வர்றாங்களா இல்லையான்னு பாருங்க.

மூணு: காசு கொடுக்கிறாங்கன்னு கோபமா? 'சி-விஜில்' செயலியில படம் எடுத்து அனுப்புங்க. பணப் பட்டுவாடாவால 2017 ஏப்ரல்ல ஆர்.கே.நகர் இடைத்தேர்தலே ரத்தாச்சு. 2019 ஏப்ரல்ல வேலூர் தேர்தல் ரத்தானதும் பண விவகாரத்தாலதான். எந்த நோட்டாவும் சாதிக்காததை ஆதாரம் சாதிச்சுது.

நாலு: தைரியம் இருந்தா நீங்களே நில்லுங்க. 1996-ல் மொடக்குறிச்சித் தொகுதியில விவசாயிகள் கூட்டம் கூட்டமா மனு தாக்கல் பண்ணி, 1,033 பேர் களத்துல நின்னாங்க. வாக்குச்சீட்டைப் புத்தகமா அச்சடிக்க வேண்டியதாப் போச்சு, தேர்தலே தள்ளிப்போச்சு. அதே வருஷம் நாடு முழுக்க டெபாசிட் தொகையை ஏத்தினாங்க. ஜெயிக்கல. ஆனா கவனிக்க வெச்சாங்க, இல்லையா?

49-ஓவுக்காக எழுதி எழுதிக் களைச்ச ஞாநியும் கடைசியில அங்கதான் வந்து சேர்ந்தார். 2014 ஆலந்தூர் இடைத்தேர்தல்ல ஆம் ஆத்மி வேட்பாளரா நின்னார். 'யாரும் வேண்டாம்'னு சொல்றதுல ஆரம்பிச்சு, 'அப்போ நான் வரேன்'னு சொன்ன பயணம் அது.

எம்.எல்.ஏ. எல்லாம் பெரிய விஷயம்னு தோணுதா? ஊராட்சி வார்டுல நிக்க 21 வயசு போதும். அங்கே சில நூறு ஓட்டுலயே ஜெயிச்சிடலாம். மொட்டை மாடியில கத்தின அந்த நண்பர்கிட்ட அடுத்த தடவை இதைக் கேட்டுப் பாருங்க: "மச்சான், ரெண்டு சின்னத்துல குத்தி ஓட்டைக் கெடுக்கிறதுக்கு, ஒரு சின்னத்தை நீயே வாங்கேன்!"