கடைக்கு ஒரு தகவல் முறைமை: தீவகம் தரும் பாடம்

'தகவல் முறைமை' என்ற சொல்லைக் கேட்டதும் எமது வர்த்தகர்களில் பலர், "அது வங்கிகளுக்கும் பெரிய கம்பனிகளுக்கும் உரிய விடயம், நமது கடைக்கு எதற்கு?" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வேறு சிலர், கணினி ஒன்றை வாங்கி மேசையில் வைத்துவிட்டால் தகவல் முறைமை வந்துவிட்டதாகக் கருதுகிறார்கள். இரண்டுமே சரியல்ல என்பது எனது கருத்து. முதலாளி ஒரு முடிவெடுக்க வேண்டிய நேரத்தில், அதற்குத் தேவையான விபரம் அவரது கையில் இருக்கும்படி செய்யும் ஒழுங்கே தகவல் முறைமை. அதனைக் கொப்பியிலும் நடத்தலாம்; கணினியிலும் நடத்தலாம்.

தரவும் தகவலும்

இதனை விளக்க யாழ்ப்பாணத் தீவகத்தை எடுத்துக்கொள்கிறேன். நெடுந்தீவுக்குச் செல்லும் சரக்கு கடல் கடந்தே போக வேண்டும். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகில் ஏற்றப்பட வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. யாழ். நகரில் கடை வைத்திருப்பவர் சரக்கு முடிந்த பின்னரும் மொத்தக் கடைக்கு ஆளனுப்பிச் சமாளிக்கலாம். நெடுந்தீவுக் கடைக்காரருக்கு அந்த வசதி இல்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் மட்டுமே அவர் தப்பலாம்.

அங்குள்ள ஒரு கடையில் நாளொன்றுக்குச் சராசரியாக 15 கிலோ சீனி விற்பனையாவதாக வைத்துக்கொள்வோம். ஓடர் கொடுத்துச் சரக்கு வந்து சேர 4 நாட்கள் ஆகும். காற்றுக் காலத்தில் மேலும் 3 நாட்கள் தாமதமாகலாம். ஆக 7 நாட்களுக்கு 105 கிலோ தேவை. கையிருப்பு 105 கிலோவுக்கு இறங்கும் நாளே அடுத்த ஓடர் கொடுக்கும் நாள். கணக்கியலில் இதனை மீள்கட்டளை மட்டம் என்பார்கள்.

இங்கு அன்றாட விற்பனைச் சிட்டைகள் வெறும் தரவுகளே. அவற்றைக் கூட்டிக் கழித்துப் பெற்ற 105 என்ற எண்தான் தகவல். சிட்டை எழுதுவது உள்ளீடு. சராசரி காண்பது முறைவழி. "இன்று ஓடர் கொடு" என்பது வெளியீடு. நயினாதீவில் நாகபூஷணி அம்மன் ஆலய உற்சவ காலத்தில் யாத்திரிகர் கூட்டம் பெருகும்போது, அங்குள்ள கடைக்காரர் அந்த 105 ஐ உயர்த்த வேண்டும். இதுவே பின்னூட்டல். எந்தப் பெரிய கம்பனியின் கணினி முறைமையும் இந்த வட்டத்தையே சுற்றி வருகிறது. வேகமும் அளவும்தான் வேறு.

எண்ணூறு வருடப் பழமை

தீவகத்துக்கு இது புதியதுமல்ல. நயினாதீவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு உள்ளது. 12 ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். வெளிநாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு வழங்கப்படும், வேறு துறைகளுக்கு வந்தவர்களும் அங்கேயே கூட வேண்டும் என அது கூறுகிறது. யானை, குதிரை ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உரிமையாளருக்கு. வணிகச் சரக்குக் கப்பலாயின் பாதிக்குப் பாதி.

இதில் வியாபாரி கவனிக்க வேண்டியவை மூன்று. விபரம் ஓரிடத்தில் சேர்கிறது. எந்த விபரத்துக்கு என்ன முடிவு என்ற விதி முன்கூட்டியே எழுதப்பட்டுள்ளது. அந்த விதி கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டதாகவும் கல்வெட்டு சொல்கிறது. ஒன்று அழிந்தாலும் மற்றொன்று இருக்கும்.

பிரதி ஏன் தேவை?

இந்த மூன்றாவது விடயத்தை எமது சமூகத்துக்கு நான் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, சரக்கோடு கணக்குப் புத்தகங்களையும் விட்டுவந்த வியாபாரிகளின் குடும்பங்கள் இன்றும் எம்மிடையே உள்ளன. கொப்பி போனால் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு அத்தாட்சியும் போய்விடும். தீ, வெள்ளம், பழுதான கணினி எல்லாம் இதே இழப்பைத் தரக்கூடியவை. ஆகவே பிரதி ஒன்று கடைக்கு வெளியே, முடிந்தால் வேறு ஊரில் இருப்பது அவசியம்.

எங்கிருந்து தொடங்குவது?

கணினிக்குக் காசு செலவழிக்குமுன் மூன்று விடயங்களைச் செய்து பாருங்கள்.

முதலாவது, அதிகம் விற்பனையாகும் பத்துப் பொருட்களுக்கு மட்டும் கையிருப்புக் கொப்பி ஒன்றை வைத்து, ஒவ்வொன்றுக்கும் மேற்சொன்னவாறு மீள்கட்டளை மட்டத்தைக் குறியுங்கள்.

இரண்டாவது, கடன் கொப்பியை 30 நாட்களுக்கு உட்பட்டது, 30 முதல் 60 நாட்கள் வரை, அதற்கு மேற்பட்டது எனப் பிரியுங்கள். மொத்தக் கடன் 2 இலட்சம் ரூபா என்று அறிவதால் பயன் குறைவு. அதில் 80 ஆயிரம் ரூபா 60 நாட்களைத் தாண்டிவிட்டது எனத் தெரிந்தால், யாரிடம் முதலில் கேட்பது, யாருக்கு மேலும் கடன் கொடுப்பதை நிறுத்துவது என்பது விளங்கும்.

மூன்றாவது, ஒவ்வொரு நாளும் கடை பூட்டுமுன் அன்றைய பக்கங்களைக் கையடக்கத் தொலைபேசியில் படமெடுத்து, வேறு ஊரிலுள்ள நம்பிக்கையான உறவினருக்கு அனுப்பிவையுங்கள்.

இவற்றை யார் எழுதுவது, எப்போது எழுதுவது என்பதையும் தீர்மானித்துவிடுங்கள். மகன் ஒரு நாள், வேலையாள் மறுநாள் என்றிருந்தால் சிட்டை பிழைக்கும். சிட்டை பிழைத்தால் கணினி சொல்லும் தொகையும் பிழைக்கும். இந்த ஒழுங்கு மூன்று மாதங்கள் தவறாமல் நடந்தால், பிறகு தாராளமாகக் கணினி வாங்கலாம். அப்போது அதற்கு என்ன வேலை கொடுப்பது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.