பழைய கணனிக்கு ரெம் வாங்குமுன் வர்த்தகர்கள் அறிந்திருக்க வேண்டியவை

வாழைச்சேனை, ஓட்டமாவடி, ஏறாவூர், காத்தான்குடி என்று நமது பகுதியின் எந்தக் கடைத்தெருவுக்குப் போனாலும் பணம் வாங்கும் மேசையில் ஒரு கணனி இருப்பதைக் காணலாம். பாசிக்குடாவில் தங்குமிடம் நடத்துபவரும் முன்பதிவுகளை அதில்தான் பதிகிறார். அரிசி ஆலைக்காரர் மூட்டைக் கணக்கையும், ஹாட்வெயார் கடைக்காரர் கடன் கொப்பியையும் அதற்குள்தான் வைத்திருக்கிறார்கள். இவற்றில் பல பத்துப் பதினைந்து வருடப் பழசு.

புதிதாக வாங்குவது இலேசான காரியமல்ல. 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதி தளர்த்தப்பட்டபோது, சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டு மாதங்களுக்குள் 360 ரூபாவளவுக்கு ஏறியது. கணனிச் சாமான்கள் யாவும் இறக்குமதி என்பதால் அந்த அடி நேராக நம்மீது விழுந்தது. பின்னர் 2025இன் இறுதியில் உலகச் சந்தையில் ரெம் விலை கடுமையாக உயர்ந்தது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய தரவு நிலையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டதே காரணம். எனவே இருப்பதைச் சரிசெய்து பாவிப்பதே பலருக்கும் கட்டுப்படியாகும் வழி.

ஆனால் இந்த இடத்தில்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். கணனி மந்தமாகிவிட்டது, ரெம் போட்டால் சரியாகும் என்று யாரோ சொல்ல, ஒன்றை வாங்கி மாட்டுகிறோம். திரை கறுப்பாகவே நிற்கிறது. விற்றவர் "ரெம் நல்லது, உங்கள் மதர்போட்தான் பிழை" என்கிறார். திருத்துபவர் "மதர்போட் நல்லது, ரெம்தான் பிழை" என்கிறார். பெரும்பாலான நேரங்களில் இருவர் சொல்வதும் உண்மைதான். இரண்டும் நல்லவை, ஆனால் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. இந்தப் பொருத்தத்தை எப்படி அறிவது?

முதலில் தலைமுறை

ரெம்மில் தலைமுறைகள் உண்டு. டிடிஆர் 2000ஆம் ஆண்டிலும், டிடிஆர்2 2003இலும், டிடிஆர்3 2007இலும், டிடிஆர்4 2012இலும், டிடிஆர்5 2020இலும் தரநிர்ணயம் பெற்றன. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட முடியாது. டிடிஆர்2வும் டிடிஆர்3யும் ஒரே நீளம், இரண்டிலும் 240 தொடுமுனைகள். ஆனால் அடியிலுள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்2வுக்கு 1.8 வோல்ற், டிடிஆர்3க்கு 1.5 வோல்ற், டிடிஆர்4க்கு 1.2 வோல்ற். வெட்டு ஒத்துவராவிட்டால் அழுத்தி ஏற்றாதீர்கள். ஸ்லொட் உடைந்தால் மதர்போட்டே போய்விடும். லெப்டொப் ரெம் இதைவிடக் குட்டையானது. அது மேசைக் கணனிக்குச் சரிவராது.

பூட்டில் நுழையும், ஆனால் திறக்காது

தலைமுறை சரியாக இருந்தும் வேலை செய்யாத மூன்று வகை உண்டு. பாவித்த சாமான் சந்தையில் அதிகம் ஏமாற்றம் தருபவை இவைதாம்.

ஒன்று, சிப்பின் கொள்ளளவு. இன்டெல் ஜி41 சிப்செட் கொண்ட மதர்போட்டுகள் இதற்கு நல்ல உதாரணம். இவற்றில் டிடிஆர்3 ரெம் போடும் மொடல்களும் உண்டு. அவற்றுக்கு 4 ஜிபி ரெம் போடலாம் என்று எழுதியிருக்கும். ஆனால் எல்லா 4 ஜிபி ரெம்மும் வேலை செய்யாது. இரண்டு பக்கமும் எட்டு எட்டாக மொத்தம் 16 சிப்புகள் உள்ளது வேலை செய்யும். ஒரே பக்கத்தில் 8 சிப்புகள் மட்டும் உள்ளது வேலை செய்யாது, அல்லது பாதியளவையே காட்டும். காரணம் எளிது. 4 ஜிபியை 16ஆல் பிரித்தால் ஒரு சிப்பில் 2 ஜிகாபிட். 8ஆல் பிரித்தால் 4 ஜிகாபிட். ஜி41 எண்ணத் தெரிந்தது 2 ஜிகாபிட் வரைதான். நூறு தட்டுகளுக்கு மட்டும் இலக்கமிடத் தெரிந்த களஞ்சியக்காரரிடம் இருநூறு தட்டுள்ள களஞ்சியத்தைக் கொடுத்தால் என்ன செய்வார்? அதே நிலைதான். புதிதாக வரும் ரெம்களில் சிப்புகளின் எண்ணிக்கை குறைவு என்பதால், பழைய மதர்போட்டுக்குப் புதிய ரெம்மை விடப் பழைய ரெம்மே பொருந்துவதுண்டு.

இரண்டு, ஏ.எம்.டி. கணனிக்கு மட்டுமானவை. பெயர் தெரியாத கொம்பனிகளின் மலிவான டிடிஆர்2, டிடிஆர்3 ரெம்களில் இந்த வகை உண்டு. வழமையான ரெம்மில் ஒவ்வொரு சிப்பும் 8 பிட் அகலமானது. இவற்றில் 4 பிட் சிப்புகளைப் பாவித்திருப்பார்கள். ஏ.எம்.டி. மதர்போட்டில் இது ஓடும், சாதாரண இன்டெல் மதர்போட்டில் ஓடாது. விலை வழக்கத்துக்கு மாறாகக் குறைவாக இருந்தால் இதை விசாரியுங்கள்.

மூன்று, சேர்வர் ரெம். பெரிய நிறுவனங்கள் கழித்துவிட்ட சேர்வர்களிலிருந்து கழற்றியவை. டிடிஆர்3 சேர்வர் ரெம்மின் வெட்டும் அதே இடத்தில்தான் இருக்கும். ஸ்லொட்டில் அழகாக உட்காரும், ஆனால் கணனி எழும்பாது. லேபலைப் பார்த்தால் பிடித்துவிடலாம். பிசி3-10600 போன்ற இலக்கத்தின் இறுதியில் 'யு' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் மேசைக் கணனிக்குரியது. 'ஆர்' இருந்தால் சேர்வருக்குரியது.

இப்படியான பிழைகள் பெரிய கொம்பனிகளுக்கும் நேர்ந்திருக்கின்றன. 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் இன்டெல் நிறுவனம், தனது 820 சிப்செட்டில் சாதாரண ரெம்மை இணைப்பதற்காகச் சேர்த்திருந்த ஒரு சிப் கோளாறு செய்வதை ஒப்புக்கொண்டு, அந்த மதர்போட்டுகளை மாற்றிக் கொடுக்க முன்வந்தது. எனவே பொருந்தவில்லை என்றால் யாரோ ஏமாற்றிவிட்டார் என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை.

வாங்குமுன் செய்ய வேண்டியது

கணனி ஓடும் நிலையிலிருந்தால் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். மதர்போட்டின் மொடல், சிப்செட், இப்போதுள்ள ரெம்மின் வகை, வேகம் எல்லாவற்றையும் காட்டும். ஓடாத கணனி என்றால் பெட்டியைத் திறந்து, மதர்போட்டில் அச்சிட்டுள்ள மொடல் இலக்கத்தைப் படம் எடுங்கள். அந்த இலக்கத்துக்குரிய கைநூலில் ஆகக்கூடிய அளவு எவ்வளவு என்று இருக்கும். இன்டெல் ஜி31 என்றால் மொத்தம் 4 ஜிபி, ஜி41 என்றால் 8 ஜிபி, எச்61 என்றால் 16 ஜிபி. இவை சிப்செட்டின் எல்லை. சில மதர்போட்டுகளில் இதைவிடக் குறைவாகவும் இருக்கலாம்.

வேகம் குறித்து அதிகம் கவலைப்பட வேண்டாம். 1333, 1600 என்று இரு வேகங்களைச் சேர்த்துப் போட்டால் பொதுவாக இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும். கூடுதல் வேகத்துக்குப் பணம் கொடுப்பதில் பயனில்லை. ஒரே மாதிரியான இரண்டைச் சோடியாகப் போடுவது நல்லது.

போட்டபின் கணனி எழும்பாவிட்டால்

எதையும் தொடுமுன், கணனி இன்னும் ஓடக்கூடியதாக இருந்தால் கணக்குகளை இரண்டு பென்டிரைவ்களில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒழுங்காக இப்படிச் செய்யுங்கள்:

1. சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது, வயரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பின்னர் கணனியின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தினால் உள்ளே மிஞ்சிய மின்சாரம் போய்விடும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

2. ரெம்மைக் கழற்றித் தொடுமுனைகளைப் பாருங்கள். நமது பகுதி கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்டது. உப்புக் காற்றும், மாரி காலத்து ஈரமும் தொடுமுனைகளில் படலம் படிய வைக்கும். வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்துவிடுங்கள். ஸ்லொட்டை உலர்ந்த தூரிகையால் துப்புரவாக்குங்கள். வாயால் ஊதக்கூடாது, எச்சில் ஈரம் உள்ளே போகும். ரெம் பிழை என்று வரும் கணனிகளில் கணிசமானவை இந்த ஒரு வேலையோடு சரியாகிவிடும்.

3. ஒரே ஒரு ரெம்மை மட்டும் போடுங்கள். இரு பக்கக் கிளிப்பும் தாமாகப் பூட்டிக்கொள்ளும் வரை அழுத்துங்கள். பழைய ரெம்மைத் தனியாக, பிறகு புதியதைத் தனியாக, ஒவ்வொரு ஸ்லொட்டிலும் மாற்றிப் பாருங்கள். பழையது எல்லா ஸ்லொட்டிலும் ஓடி, புதியது எதிலும் ஓடாவிட்டால் புதியதே பொருந்தவில்லை. எந்த ரெம்மும் ஒரு குறிப்பிட்ட ஸ்லொட்டில் ஓடாவிட்டால் பிழை அந்த ஸ்லொட்டில்.

4. மதர்போட்டிலுள்ள வட்டப் பெட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் கழித்துப் போடுங்கள். பழைய அமைப்புகள் அழிந்து, கணனி ரெம்மைப் புதிதாக இனங்காணும். பில்லில் திகதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது என்றால் அந்தப் பெட்டரி முடிந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டுப் புதியது வாங்கிப் போடுங்கள்.

5. ஸ்லொட்டைச் சுற்றியுள்ள சிறிய உருளைக் கெப்பாசிட்டர்களின் தலை வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வீங்கியிருந்தால் ரெம்மை மாற்றிப் பயனில்லை, கெப்பாசிட்டரை மாற்ற வேண்டும்.

எழும்புகிறது, ஆனால் நம்பலாமா?

எழும்பாத கணனியைவிட அரைகுறையாக ஓடும் கணனி ஆபத்தானது. பழுதான ரெம் ஒரு இலக்கத்தைத் தவறாக நினைவில் வைத்து, அதையே ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவிடலாம். எந்த எச்சரிக்கையும் வராது. மூன்று மாதம் கழித்து வாடிக்கையாளரின் கடன் கணக்கு ஒத்துவராதபோதுதான் தெரியும். அப்போது கொப்பியும் இல்லை, சாட்சியும் இல்லை.

எனவே புதிய ரெம் போட்ட அன்றே சோதியுங்கள். விண்டோஸில் தேடும் இடத்தில் எம்டிஷெட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் நினைவகச் சோதனை வரும். இதைவிடக் கண்டிப்பானது மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருள். பென்டிரைவில் ஏற்றி, கடை பூட்டும்போது ஓட விட்டு, காலையில் பாருங்கள். ஒரேயொரு பிழை காட்டினாலும் அதை நம்பாதீர்கள். தனித்தனியே சோதித்தால் இரண்டும் தேறுகின்றன, சேர்த்தால் பிழை வருகிறது என்றால் அவை ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. வேகத்தைக் குறைத்துப் பார்க்கலாம், அல்லது ஒன்றோடு திருப்திப்படலாம்.

4 ஜிபி போட்டும் 3 ஜிபி சொச்சம்தான் காட்டுகிறது என்று சிலர் ரெம்மைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பெரும்பாலும் பழுது ரெம்மில் அல்ல. 32 பிட் விண்டோஸ் 4 ஜிபி முழுவதையும் பாவிக்க மாட்டாது. 64 பிட் போட்டால் சரியாகலாம்.

செலவழிப்பது இலாபமா?

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு பொதுவாக முடிந்துவிட்டன. டிடிஆர்3 காலத்துக் கணனிகளை விண்டோஸ் 11 உத்தியோகபூர்வமாக ஏற்பதில்லை. ஆகவே ரெம்மைக் கூட்டினாலும் அந்தக் கணனியில் வங்கிக் கணக்கைத் திறக்காமலிருப்பதே புத்தி. இணையத்தைத் துண்டித்து, பில் போடவும் இருப்புக் கணக்குப் பார்க்கவும் மட்டும் என்றால் இன்னும் சில வருடம் உழைக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினால், ரெம்மை விட அதிக வேகம் கிடைப்பதும் உண்டு.

இறுதியாக ஒன்று. ரெம் வாங்கும்போது மதர்போட்டின் மொடல் இலக்கத்தைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். "இந்த மதர்போட்டில் ஓடாவிட்டால் ஏழு நாட்களுக்குள் திருப்பி எடுக்கப்படும்" என்று ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள். விற்பவர்களும் இதைத் தாமாகவே செய்தால் என்ன? பொருந்துமா என்று பார்த்து விற்பவரிடம்தான் வாடிக்கையாளர் அடுத்த முறையும் வருவார்.