வார இறுதி மண்பாதைப் பயணத்துக்கு டர்ட் பைக் தேர்ந்தெடுத்தல்: செங்கல்பட்டு – மாமல்லபுரம் பகுதி

டர்ட் பைக் என்பது மண், மணல், சரளை, சேறு, பாறை ஆகிய தரைகளில் ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட மோட்டார் சைக்கிள் ஆகும். குறைந்த எடை, தரையிலிருந்து கூடுதல் உயரம், நீண்ட அசைவுள்ள ஷாக் அப்சார்பர்கள், கம்பிச் சக்கரங்கள், ஆழமான பள்ளங்கள் கொண்ட டயர்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். செங்கல்பட்டு மாவட்டத்திலும் மாமல்லபுரம் கடற்கரையை ஒட்டிய ஊர்களிலும் வார இறுதியில் மண்பாதைகளில் ஓட்ட விரும்புவோர் எத்தகைய பைக்கைத் தேர்ந்தெடுக்கலாம், எங்கு ஓட்டலாம், எங்கு ஓட்டக்கூடாது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்று வகைகள்

மண்ணில் ஓடும் பைக்குகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, போட்டிக்கான மோட்டோகிராஸ் பைக். முகப்பு விளக்கு, இண்டிகேட்டர், எண் பலகை எதுவும் இதில் இராது. மூடிய திடலில் மட்டுமே ஓட்டலாம். கவாசாகியின் கேஎக்ஸ் வரிசை இதற்கு எடுத்துக்காட்டு. இவ்வகை பைக்கைப் பொதுச் சாலையில் ஓட்டுவதற்காகப் பதிவு செய்ய இயலாது. வீட்டிலிருந்து திடலுக்குக்கூட வேறொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டு செல்ல வேண்டும்.

இரண்டாவது, சாலையிலும் மண்ணிலும் ஓடும் இருபயன் பைக். இதற்குப் பதிவு எண் உண்டு. ஹீரோ நிறுவனம் 2011இல் வெளியிட்ட 149 சிசி இம்பல்ஸ் இந்தியாவில் இவ்வகையின் தொடக்ககால வண்டிகளுள் ஒன்று. அது விற்பனையில் பெரிதாக வெற்றி பெறவில்லை. 2019இல் அதே நிறுவனம் வெளியிட்ட எக்ஸ்பல்ஸ் 200தான் இவ்வகையைப் பரவலாக்கியது. கவாசாகி கேஎல்எக்ஸ் 230 (2024), கேடிஎம் 390 எண்டுரோ ஆர் (2025) ஆகியவையும் இந்தப் பிரிவில் அடங்கும்.

மூன்றாவது, நெடுந்தூரத்துக்கான அட்வெஞ்சர் பைக். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு 2016இல் வெளியிட்ட ஹிமாலயன், 2023இல் வந்த 452 சிசி ஹிமாலயன் ஆகியவை நன்கு அறியப்பட்டவை. சாமான்களுடன் நெடுஞ்சாலையில் செல்ல இவை ஏற்றவை. ஆனால் எடை 200 கிலோவை நெருங்கும்.

இப்பகுதியின் தரை

பைக்கைத் தேர்ந்தெடுக்கும் முன் ஓட்டப்போகும் தரையை அறிய வேண்டும். கடலோரத்தில் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலும் அதற்குத் தெற்கேயும் மென்மணலும் சவுக்குத் தோப்புகளும் உள்ளன. அதற்கு மேற்கே கடற்கரைக்கு இணையாகப் பக்கிங்காம் கால்வாய் செல்கிறது. கால்வாயை ஒட்டிய உவர்நிலம் மேலே காய்ந்து கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் சேறாக இருக்கும். மேற்பரப்பை நம்பிச் செல்லும் பைக் அச்சு வரை புதைந்துவிடும்.

இன்னும் மேற்கே, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் செம்மண், சரளை, கரும்பாறைக் குன்றுகள், களிமண் ஏரிப்படுகைகள் என்று தரை மாறிக்கொண்டே இருக்கும். ஏரிகள் நிறைந்த மாவட்டம் இது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் களிமண் டயரின் பள்ளங்களை அடைத்துவிடும். அப்போது எந்த டயரும் வழுக்கும். மழை நின்றபின் மாட்டுவண்டி, டிராக்டர் தடங்கள் அப்படியே காய்ந்து இறுகிவிடும். முன்சக்கரம் அத்தடத்தில் மாட்டிக்கொண்டால் திருப்புவது கடினம்.

தொலைவையும் கணக்கில் கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து மாமல்லபுரமும் செங்கல்பட்டும் ஏறத்தாழ 55 முதல் 60 கி.மீ. தொலைவில் உள்ளன. அங்கிருந்து வருபவர் கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ ஜி.எஸ்.டி. சாலையிலோ போகவர 120 கி.மீ. தார்ச்சாலையில் ஓட்டி, நடுவே 20 அல்லது 30 கி.மீ. மட்டுமே மண்பாதையில் ஓட்டுவார். எனவே போட்டி பைக் பெரும்பாலோருக்குப் பயன்படாது. பதிவு எண் உள்ள இலகுவான இருபயன் பைக்கே இப்பகுதிக்குப் பொருந்தும்.

கவனிக்க வேண்டிய அளவுகள்

எடை: மண்பாதையில் பைக் கீழே விழுவது இயல்பு. விழுந்த பைக்கை வெயிலில், தனியாக, பலமுறை தூக்கி நிறுத்த முடியுமா என்பதே முதல் கேள்வி. கேஎல்எக்ஸ் 230 சுமார் 140 கிலோ, எக்ஸ்பல்ஸ் 200 4வி சுமார் 160 கிலோ, 390 எண்டுரோ ஆர் சுமார் 177 கிலோ, 452 சிசி ஹிமாலயன் 196 கிலோ எடையுள்ளவை. எடையின் பயனை உணர கிராமத்து வரப்பைப் பார்த்தாலே போதும். 90 கிலோவுக்கும் குறைவான டிவிஎஸ் எக்ஸ்எல் 100, 100 சிசிகூட இல்லாத எஞ்சினுடன், உரமூட்டை ஏற்றிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் சென்று வருகிறது. அது டர்ட் பைக் அல்ல. ஆயினும் குறுகிய பாதையில் திறனைவிட எடையே பெரிது என்பதை அது காட்டுகிறது.

இருக்கை உயரம்: எக்ஸ்பல்ஸ் 200 4வியின் இருக்கை 825 மி.மீ., கேஎல்எக்ஸ் 230இன் இருக்கை சுமார் 880 மி.மீ. உயரம். புதிதாகப் பழகுபவர் பைக்கில் அமர்ந்து ஒரு காலின் முன்பாதமாவது உறுதியாகத் தரையில் படுகிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். ஓட்டுபவரின் எடையால் ஷாக் அப்சார்பர் சற்று அமுங்கும் என்பதால், தாளில் உள்ள அளவை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது.

தரை இடைவெளியும் ஷாக் அப்சார்பர் அசைவும்: 200 மி.மீ.க்கு மேற்பட்ட தரை இடைவெளி இப்பகுதிப் பாறைகளுக்குப் போதுமானது. எக்ஸ்பல்ஸ் 200 4வியில் இது 220 மி.மீ. அதன் முன் ஃபோர்க் 190 மி.மீ. வரை அசையும். எஞ்சினின் அடியில் உலோகத் தகடு பொருத்துவது நல்லது.

சக்கரம்: முன்னால் 21 அங்குல, பின்னால் 18 அங்குலக் கம்பிச் சக்கரங்கள் இவ்வகைக்கு உகந்தவை. பெரிய முன்சக்கரம் கல்லையும் குழியையும் எளிதில் ஏறிக் கடக்கும். அலாய் சக்கரம் கல்லில் மோதினால் விரிசல் விடக்கூடும். கம்பிச் சக்கரம் வளைந்தாலும் பெரும்பாலும் சீர்செய்துவிடலாம்.

எஞ்சின் திறன்: 200 சிசி அளவில் 18 முதல் 20 குதிரைத்திறன் தொடக்கநிலையினருக்குப் போதும். குறைந்த வேகத்தில் எஞ்சின் அணைந்துவிடாமல் இழுக்கும் ஆற்றல்தான் மண்பாதையில் தேவை. உச்ச வேகத்துக்கு இங்கு வேலை இல்லை.

பிரேக்: 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். தார்ச்சாலையில் உயிர்காக்கும் இந்த அமைப்பு, சரளைச் சரிவில் பின்சக்கரத்தை விட்டுவிட்டுப் பிடிப்பதால் நிற்கும் தொலைவு கூடலாம். பின்சக்கர ஏபிஎஸ்ஸை நிறுத்திவைக்கும் வசதி உள்ள பைக் சிறந்தது. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் அதை மீண்டும் இயக்க மறக்கக்கூடாது.

டயரும் காற்றும்

சாலை அழுத்தத்தில் உள்ள டயர் மணலில் கத்திபோல் இறங்கும். காற்றை 18 முதல் 22 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்தால் டயர் அகன்று மணலின் மேல் மிதக்கும். மிகவும் குறைத்தால் பாறையில் மோதும்போது டியூப் நசுங்கிக் கிழியும். எனவே சிறிய காற்றடிப்பானும் அழுத்தமானியும் உடன் இருக்க வேண்டும். தார்ச்சாலை ஏறும்முன் பழைய அளவுக்கு நிரப்ப வேண்டும்.

கடலோரத்தில் ஓட்டிய பைக்கை அன்றே நல்ல தண்ணீரில் கழுவுவது அவசியம். உப்பு, செயினையும் கம்பிகளையும் விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். மென்மணல் ஏர் ஃபில்டரை அடைத்து எஞ்சினைத் தேய்க்கும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் ஃபில்டரைத் திறந்து பார்ப்பது எஞ்சினின் ஆயுளைக் கூட்டும்.

பழைய பைக் வாங்கும்போது

பழைய பைக் வாங்குவோர் ஐந்து இடங்களைப் பார்க்க வேண்டும்: முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, ஹேண்டில் திரும்பும்போது பேரிங்கில் தடை, சக்கரக் கம்பிகளில் தளர்வு, பின் ஆயத்தில் ஆட்டம், எஞ்சின் அடிப்பகுதியில் ஒட்டு அல்லது வெல்டிங். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றுடன் ஒத்திருக்க வேண்டும். ஒலி அதிகரிக்க மாற்றிய சைலன்சர் பொருத்தப்பட்டிருந்தால் பழையதையும் கேட்டு வாங்கி மீண்டும் பொருத்துவது நல்லது.

பாதுகாப்புக் கருவிகள்

பைக்குக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தொடக்கத்திலேயே கருவிகளுக்கு எடுத்துவைக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தலைக்கவசம், கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ், முழங்கால் காப்பு, கையுறை, மார்பு–முதுகுக் காப்பு ஆகியவை அடிப்படை. மண்பாதையில் வேகம் குறைவு என்பதால் காயமும் குறைவு என்று எண்ணுவது தவறு. பைக்குக்கும் கல்லுக்கும் இடையே கால் சிக்குவதால் கணுக்காலும் முழங்காலும் முறிவது உண்டு. 2015இல் டக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியரான சி. எஸ். சந்தோஷ், 2021ஆம் ஆண்டுப் பந்தயத்தில் விழுந்து தலையில் காயமடைந்து மருத்துவமனையில் சில நாட்கள் செயற்கை மயக்கநிலையில் வைக்கப்பட்டார். தேர்ந்த வீரருக்கும் முழுக் காப்பு அணிந்திருந்தும் இது நேர்ந்தது.

தனியாகச் செல்லக்கூடாது. இருவரோ மூவரோ செல்வது, திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிச் செல்வது, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்வது ஆகியவை இப்பகுதி வெயிலுக்குக் குறைந்தபட்ச ஏற்பாடு. அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 39ஆம் பிரிவின்படி பதிவு செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது குற்றம். கிராமத்து மண்சாலையும் பொது இடமே. 18 வயது நிறையாதவர் கியர் பைக் ஓட்டினால் 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுகள் வரை சிறையும் விதிக்கப்படலாம். அச்சிறுவருக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. மாணவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

ஓட்டக்கூடாத இடங்கள்

கடற்கரை மணல் திறந்தவெளியாகத் தோன்றினாலும் பைக் ஓட்டும் இடம் அல்ல. ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இக்கரையில் ஏறி, மணலைத் தோண்டி, ஒரு குழியில் நூறளவில் முட்டைகளை இடுகின்றன. அவை பொரிக்க 45 முதல் 60 நாட்கள் ஆகும். சக்கரம் ஏறினால் மணல் இறுகி முட்டைகள் நசுங்கும். பொரித்த குஞ்சுகளும் சக்கரத்தடத்துக்குள் விழுந்து கடலை அடைய முடியாமல் மடியும். பங்குனி ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம். மணல்மேடுகள் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி காக்கப்படுபவை.

காப்புக்காடுகளுக்குள் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். வேடந்தாங்கல், கரிக்கிலி பறவைகள் சரணாலயங்களின் சுற்றுப்புறத்தில் நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் கூடுகட்டும் காலத்தில் இரைச்சலைத் தவிர்க்க வேண்டும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிய பகுதி தடைசெய்யப்பட்டது.

பலர் அறியாத மற்றோர் இடம் பெருங்கற்காலப் புதைகுழிகள். செங்கல்பட்டு மாவட்டத்தின் சரளை மேடுகளில் இரும்புக்கால மக்களின் கல்வட்டங்களும் கற்பதுக்கைகளும் ஏராளம். சாணூர், குன்னத்தூர் ஆகிய இடங்களில் 1950களில் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. வேலியற்ற புதர்க்காட்டில், வட்டமாகக் கிடக்கும் பெரிய கற்கள் பைக் ஓட்டிப் பழகும் தடைகளாகத் தோன்றலாம். அவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கல்லறைகள். கல் ஒன்று இடம் மாறினால்கூட அதன் சான்று அழியும்.

ஏரிக்கரையில் மழைக்காலத்தில் ஓட்டினால் சக்கரத்தடம் வாய்க்காலாகி மண்ணை அரித்துவிடும். கரை உடைந்தால் கீழேயுள்ள வயல்களும் வீடுகளும் மூழ்கும். நெல் வயலின் வரப்பு உழவரின் உழைப்பு. அதில் ஒரு சக்கரம் போனாலும் தேக்கிய நீர் வடிந்துவிடும்.

எனவே பாதையைத் தேர்ந்தெடுக்க எளிய வழி, முந்தைய வாரமே பகலில் ஊருக்குச் சென்று, வண்டிப்பாதை எது, பட்டா நிலம் எது என்று ஊர்க்காரரிடம் கேட்டறிவதாகும். நில உரிமையாளரின் அனுமதி பெற்ற தோப்பு, கைவிடப்பட்ட செங்கல்சூளைத் திடல், பஞ்சாயத்து மண்சாலை ஆகியவை பழகுவதற்குப் போதுமானவை. பயன்படாத கல்குவாரிகளின் விளிம்பு சரியக்கூடியது என்பதாலும் அவற்றில் ஆழமான நீர் தேங்கியிருக்கும் என்பதாலும் அவற்றைத் தவிர்க்க வேண்டும். வீடுகள், பள்ளி, கால்நடைகள் உள்ள இடத்தில் நடைவேகத்தில் செல்வது வழக்கமானால், அடுத்த வாரமும் அந்த ஊர் அப்பாதையைத் திறந்து வைத்திருக்கும்.