பனிமலை ஏரிக்கு ஒருநாள் நடை

உத்தராகண்ட் மாநிலத்துச் சமோலி மாவட்டத்தில், கடல் மட்டத்துக்கு மேல் 4,000 மீட்டரையும் கடந்த உயரத்தில், சிகரங்கள் சூழ விளங்கும் ஹேம்குண்ட் ஏரி, குரு கோவிந்த சிங்கின் நினைவால் சீக்கியர்களுக்குப் புண்ணிய ஸ்தலமாகவும், கரையில் லட்சுமணனுக்குக் கோயில் இருப்பதால் இந்துக்களுக்கும் வணக்கத்துக்குரிய இடமாகவும் இருந்து வருகிறது. அடிவாரச் சிற்றூராகிய காங்காரியாவிலிருந்து அந்த ஏரி சுமார் ஆறு கிலோமீட்டர்தான் என்று கேட்டவுடன், நாள்தோறும் கடற்கரையில் அவ்வளவு தூரம் நடந்து பழகியவர்கள் அதை ஒரு காலைப்பொழுதின் காரியம் என்று எண்ணிவிடுவது இயல்பே. ஆனால் அந்த ஆறு கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்குக் குறையாத ஏற்றம் அடங்கியிருக்கிறது என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

உயரத்தில் உடலுக்கு நேர்வது

மலையின் மேலும் காற்றில் பிராணவாயுவின் விகிதம் நூற்றுக்கு 21 பங்குதான். ஆனால் காற்றின் அழுத்தம் அங்கே கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிட்டும் பிராணவாயுவும் அந்த அளவுக்குக் குறைகிறது. இதை ஈடுசெய்ய மூச்சு வேகமாகிறது, இருதயம் விரைந்து துடிக்கிறது, சிறுநீரகங்கள் இரத்தத்தின் கார அமில நிலையைச் சீர்ப்படுத்த முயல்கின்றன. இம்மாறுதல்கள் நிறைவுபெறச் சில தினங்கள் வேண்டும். அந்த அவகாசம் கொடாமல் விரைந்து ஏறுகிறவர்களுக்குத் தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றுவதையே மலைநோய் என்கிறோம். இளமையும் தேகபலமும் இதற்குக் காப்பாகா. தினமும் ஓடிப் பழகிய வாலிபர்களையும் இந்நோய் பற்றுவதுண்டு. பலத்தை நம்பி வேகமாக ஏறுகிறவர்களுக்கு அபாயம் அதிகமென்றே சொல்லலாம்.

உடலுக்கென்று ஒரு நாள்

ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்திலுள்ள கோவிந்த்காட்டிலிருந்து புறப்பட்டு அன்று மாலையே 3,000 மீட்டர் உயரத்துக் காங்காரியாவை அடைந்து, மறுநாள் விடியற்காலையில் ஏரிக்கு ஏறுவதே பெரும்பாலோர் வழக்கம். இது உடலுக்குத் தாங்கவொண்ணாத அவசரம். இடையில் ஒரு தினம் காங்காரியாவில் தங்கி, அதனினும் சற்று உயரத்தில் அமைந்துள்ள மலர்ப் பள்ளத்தாக்குக்குச் சென்று உலாவிவிட்டு, இரவில் மீண்டும் காங்காரியாவுக்கே வந்து உறங்கினால், உயரத்தில் நடந்து தாழ்வில் உறங்குதல் என்னும் நல்ல முறை தானாகவே அனுசரிக்கப்பட்டுவிடும். பிரயாணத் திட்டத்தில் இவ்வொரு தினத்தைச் சேர்ப்பதைவிடப் பயனுள்ள மருந்து வேறில்லை.

முன்னதாக வைத்தியரைக் காணவேண்டியவர்கள்

இருதய நோய், நுரையீரல் நோய், கடுமையான இரத்தசோகை, கட்டுக்கு அடங்காத இரத்த அழுத்தம் ஆகியவை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் வைத்தியரின் அனுமதியின்றிப் புறப்படலாகாது. நீரிழிவு உள்ளவர்கள் இன்சுலின் உறைந்துபோகாதபடி அதை உடலோடு ஒட்டிய உள்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மலைநோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்னும் மாத்திரை உண்டென்றாலும், சல்பா மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது தீங்கு விளைக்கக்கூடுமாகையால், அதையும் வைத்தியரின் ஆலோசனைப்படியே உட்கொள்ள வேண்டும். கோவேறு கழுதையின் மீதோ டோலியிலோ ஏறிச் செல்கிறவர்களுக்குக் கால்வலி மிச்சமாகலாம். ஆனால் காற்றின் மெலிவு அவர்களுக்கும் ஒன்றே. அசையாமல் அமர்ந்திருப்பதால் குளிர் அவர்களை விரைவில் தாக்கும்.

நேரக் கணக்கு

ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணியும், 600 மீட்டர் ஏற்றத்துக்கு மற்றொரு மணியும் என்று 1892-ல் நெய்ஸ்மித் என்னும் ஸ்காத்லாந்து மலையேறி வகுத்த கணக்கின்படி, இந்த ஏற்றத்துக்குச் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். அது தாழ்ந்த மலைகளில் பழகிய கால்களுக்கு உரிய கணக்கு. மெலிந்த காற்றில் ஏறும் சமவெளிவாசிகள் ஐந்து, ஆறு மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்வதே உசிதம். ஆகையால் விடியுமுன்பே புறப்பட்டுவிட வேண்டும். பேச்சுக் கொடுத்தால் மூச்சு வாங்காமல் விடையளிக்கக்கூடிய வேகமே சரியான வேகம். பிற்பகலில் மேகம் கவிந்து மழை பெய்வது அங்கே சகஜம். ஏரிக்கரையில் இரவு தங்கவும் இடமில்லை. எனவே, ஏரியை அடைந்தாலும் அடையாவிட்டாலும் நண்பகலில் திரும்பிவிடுவது என்று முன்னிரவிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

உடையும் உணவும் நீரும்

ஆயிரம் மீட்டர் உயர உயர வெப்பம் சுமார் ஆறரை டிகிரி செல்சியஸ் குறைகிறது. வியர்வையில் நனைந்த பருத்தித் துணி எளிதில் உலராமல் உடலின் சூட்டைக் கவர்ந்துகொள்வதால், கம்பளி உடையும் மழைக்கோட்டும் மாற்றுக் காலுறையும் இன்றியமையாதவை. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் உயரத்தில் கடுமையாவதோடு பனியில் பட்டு எதிரொளிக்கவும் செய்வதால் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். தாகம் தோன்றுமுன்பே சிறிது சிறிதாக நீர் அருந்துவதும், வேர்க்கடலை, வெல்லம், பேரீச்சம்பழம் போன்றவற்றை அவ்வப்போது உண்பதும் நலம். மதுவும் தூக்க மாத்திரையும் கூடாது. ஏரியில் நீராடுவது பக்தர்களின் வழக்கமாயினும், பனிநீரில் சட்டென்று மூழ்கும்போது மூச்சுத் திணறி இரத்த அழுத்தமும் ஏறுமாதலால், இருதய நோயாளிகளும் முதியோரும் நீரைத் தலையில் தெளித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வார்களாக.

அபாயக் குறிகள்

லேசான தலைவலி கண்டால் அங்கேயே உட்கார்ந்து இளைப்பாற வேண்டும். தணியாவிட்டால் மேலே ஓர் அடியும் வைக்கலாகாது. சும்மா இருக்கும்போதே மூச்சிரைப்பு, ஓயாத இருமல், கபத்தில் சிவப்பு ஆகியவை நுரையீரலில் நீர் கோத்திருப்பதன் அடையாளங்கள். தள்ளாடும் நடை, குழறும் பேச்சு, புத்தித் தடுமாற்றம் ஆகியவை மூளை வீங்கியிருப்பதைக் காட்டுவன. இவற்றில் எது தோன்றினாலும், பொழுதையும் மழையையும் காரணம் காட்டித் தாமதியாமல், நோயாளியைத் துணையோடு உடனே கீழே இறக்கவேண்டும். பிராணவாயு கிடைத்தால் வழியிலேயே அளிக்கலாம். அதற்காக இறங்குவதை ஒத்திப்போடக் கூடாது.

குடும்பத்தோடு யாத்திரை செல்லும் அன்பர்கள் தங்கள் குழுவில் மிகவும் மெதுவாக நடப்பவரின் நடையையே எல்லோருக்கும் அளவாகக் கொள்ளவேண்டும். அவர் களைத்துத் தலைவலிக்கிறது என்று சொன்னால், ஏரி கண்ணெதிரே தெரிந்தாலும் எல்லோருமாகத் திரும்பிவிட வேண்டும். அடுத்த ஆண்டும் அந்த ஏரி அங்கேதான் இருக்கும். அதைக் காண நாம் ஆரோக்கியத்தோடு இருக்கவேண்டும்.